மரத்த கால்

"போட்டாச்சா மீனா? மரத்த காலுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"போட்டாச்சுங்க" என்றாள் மீனாள்.

கண்ணை மூடிப் படுத்திருந்த ஆதப்பனின் வலது பாதம் மெல்ல மேலெழும்பி, அப்படியே நின்றது. மீனாள் ஒரு கணம் மூச்சுவிட மறந்து அதையே பார்த்தாள்.

மலேயாவில் அண்ணனோடு நடத்திய ஈப்போக் கடையில் அரிசி மூட்டை சரிந்து, முழங்காலோரத்து நரம்பு நசுங்கி, பாதம் தொங்கிப்போன நிலையில் கடியாபட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவளுடைய கணவர். புதுக்கோட்டை டாக்டர் ஒரு மின்சாரப் பெட்டியைக் கொடுத்து, தினந்தோறும் அந்த நரம்புக்கு மின்சாரம் பாய்ச்சுமாறு கூறியிருந்தார். தொடக்கத்தில் துள்ளி எழுந்து உடனே சோர்ந்து விழுந்த பாதம், இப்போது உலை கொதிக்கும் வரை நிற்கிறது.

"நம்ம கணக்கப்பிள்ளைகூட இவ்வளவு நேரம் ஒரே எடத்துல நிக்க மாட்டாரு" என்று ஆதப்பன் சிரித்தார். "டாக்டர் என்ன சொன்னாக?"

"வைக்கோலாட்டம் குப்புன்னு எரிஞ்சு அடங்குன சதை, இப்ப வெறகாட்டம் நின்னு எரியப் பழகிருச்சாம். இனிமே பெட்டி இல்லாம நீங்களாத் தூக்கணும், அம்புட்டுத்தான்."

"தூக்கிட்டா?"

"நாகப்பட்டினத்துல கப்பலேற வேண்டியதுதான். ஒங்க அண்ணன்தான் ஆள் மேல ஆள் விடுறாகளே."

திருமணமான இத்தனை ஆண்டுகளில் அவர்கள் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்தது, இந்தக் கால் விழுந்த பிறகுதான். அது குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அதே வாயால், இன்றைக்கு வேண்டாம் என்றும் அவள் வேண்டிக்கொள்வது வழக்கம்.

"நிறுத்திட்டேங்க" என்றாள். பாதம் பொத்தென்று தாழ்ந்தது.

"எங்க, இப்ப நீங்களாத் தூக்குங்க பாப்போம்."

ஆதப்பன் பல்லைக் கடித்தார். நெற்றி வியர்த்தது. பாதம் அசையவில்லை.

"முடியலையே மீனா. இன்னும் நாளாகும் போல."

"ஆகட்டுங்க. இப்ப என்ன அவசரம்?"

அவருடைய நெற்றியைத் தன் முந்தானையால் ஒற்றியெடுத்துவிட்டு, அவர் கண் திறப்பதற்குள் அவள் பெட்டியை மூடினாள். கால் குணமாவது ஒரு நாளாவது தள்ளிப்போகட்டுமே என்று, அதன் பேட்டரியைக் காலையிலேயே அவள் கழற்றி ஒளித்து வைத்திருந்தாள். சற்று முன் பாதம் எழுந்து நின்றது வெறும் பெட்டிக்குத்தான்.