காற்றுத் துவாரம்

“பத்து நிமிசமெண்டால் என்ன, பத்து செக்கனெண்டால் என்ன? சுவரிலை காத்து வர ஓட்டை வெட்டாமல் உந்தக் கொதிகலனை மூட்டக்கூடாது. கையை எடும் தம்பி!”

நிரஞ்சலா போட்ட சத்தத்தில் மடுத்தீனின் விரல் சுவிட்சிலிருந்து தானாகவே விலகியது.

பாரிசுக்குப் பக்கத்து ஊரான லெ பிளாங்-மெனிலில் அவளுடைய வீட்டு நிலக்கீழ் அறை அது. எண்ணெயில் எரிந்து வீடு முழுவதையும் சூடாக்கும் புதுக் கொதிகலனை அவன் அங்கே இரண்டு நாட்களாகப் பூட்டிக்கொண்டிருந்தான். வருகிற யூலைக்குப் பிறகு புதிதாக எண்ணெய்க் கொதிகலன் பூட்ட அரசாங்கம் விடாது. அதனால் அந்த மாசிக் குளிரில் அவனுக்கு ஓய்வில்லாத வேலை.

“அக்கா, சுவர் வெட்டுற மெசின் நாளைக்குத்தான் வரும். யன்னலைத் திறந்துவிட்டிட்டு, எரியுதோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு நிப்பாட்டுறன். பதினாறு வருசமா உந்தச் சொபாஜ் பூட்டுற வேலைதான் செய்யிறன்.”

“பதினாறு வருசமாக் கொலை செய்யப் பழகினனீரோ?”

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை.

“மேலை என்ரை ரெண்டு பிள்ளையள் படுக்கினம். எரியிறதுக்குக் காத்துக் காணாட்டி வாற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலையே ஆள் முடிஞ்சுபோகும். உமக்கு உது தெரியாதோ?”

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சுகொண்டும் மூட்டப் பாத்தனீர். அதுதான் எனக்கு வயிறு பத்தி எரியுது!”

அவள் கையில் கொதிகலனோடு வந்த புத்தகம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

“புகைக்கூடு துப்பரவாக்கின பேப்பர் எங்கை?”

“கூட்டியாச்செண்டு புகைக்கூட்டு ஆக்கள் போனிலை சொன்னவங்கள்.”

“அவங்கள் சொன்னதை நான் சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவுறதோ? எனக்குப் பேப்பர் வேணும்.”

கைபேசி வெளிச்சத்தைப் புகைக்குழாயின் மூட்டில் அடித்தாள். இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“இதுக்குள்ளாலை என்ரை நகம் போகுது. புகை போகாதோ? கழட்டும். முழுக்கக் கழட்டித் திருப்பிப் பூட்டும். இல்லாட்டி உம்மடை பேரை எழுதி எல்லா இடமும் அறிவிப்பன். வீட்டுக்காரருக்கு ஒண்டும் விளங்காதெண்டு நினைச்சுக்கொண்டு வாறியள் என்ன, எல்லாரும்!”

மடுத்தீனுக்குக் காது சூடேறியது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தான். போகவில்லை. அவள் சொன்ன ஒன்றிலாவது பிழை பிடிக்க அவனால் முடியவில்லை.

அடுத்த நாள் சுவரை வெட்டித் துவாரம் வைத்தான். புகைக்குழாயைக் கழற்றி மூட்டுகளைப் புதிதாக இறுக்கினான். புகைக்கூட்டுக்காரனை நேரிலே கூட்டிவந்து பேப்பர் எழுதுவித்தான். பிள்ளைகளின் அறை வாசலில் எச்சரிக்கை மணியைப் பூட்டி, அவள் முன்னாலேயே அதை அலறவைத்துக் காட்டினான். பிறகுதான் கொதிகலனை மூட்டினான். நெருப்பு ஒரே சீராக எரிந்தது. நச்சு வாயுவை அளக்கும் கருவி பூச்சியத்தை விட்டு அசையவில்லை.

“இப்பதான் வேலை,” என்றாள் நிரஞ்சலா.

திரும்பும் வழியில் வாகனத்தை ஓட்டிக்கொண்டே மடுத்தீன் யோசித்தான். ‘ஓட்டை வெட்டினால் குளிர் வரும், விடும்’ என்றவர்கள் எத்தனை பேர்! ‘எங்கடை ஆக்கள்தானே, பேப்பர் என்னத்துக்கு’ என்றவர்கள் எத்தனை பேர்! அவர்களோடு வாதாடிக் களைத்து, சில வீடுகளில் அவனே விட்டுக்கொடுத்தும் இருக்கிறான். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. தன்னை ஏசிய மனுசியின் மேல் அவனுக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

சனிக்கிழமை அவளே அழைத்தாள். இன்னொரு கொதிகலன் பூட்டவேண்டுமாம், கடைக்கு வரட்டாம்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் அவளுடைய சேலைக்கடையில் அன்று நல்ல சனம். மடுத்தீனைக் கண்டதும் நிரஞ்சலா அவனைச் சுட்டிக்காட்டி, வந்திருந்தவர்களுக்குக் கதை முழுவதையும் சொன்னாள்.

“முகத்துக்கு நேரை கொலைகாரனோ எண்டே கேட்டிட்டன். பின்னை என்ன, உயிரோடை விளையாடுறதோ?”

“வீட்டுக்காரர் உப்பிடி நிண்டு செய்விக்கவேணும்,” என்றாள் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரி. “உங்களைப்போலை எல்லாரும் இருந்தால் ஏன் இந்த ஊரிலை ஆபத்து வரப்போகுது?”

“அக்கா ஏசினது நியாயம்,” என்று மடுத்தீனும் மனதாரச் சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான்.

“இந்தமுறை நீங்கள் ஏசவேண்டி வராது அக்கா. சுவர் வெட்டுற மெசினுக்கு இப்பவே சொல்லிப்போட்டன். புகைக்கூட்டுக்காரன் முதல் நாளே வருவான். மணி ரெண்டு வாங்கி வச்சிருக்கிறன். எல்லாம் உங்கடை வீட்டிலை செய்தமாதிரித்தான்.”

நிரஞ்சலா ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்துச் சேலை அடுக்கின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இப்போது அவள் முகத்தில் கோபமே இல்லை.

“உதொண்டும் வேண்டாம் தம்பி,” என்றாள் மெதுவாக. “சும்மா பூட்டி மூட்டிவிட்டிட்டு வாரும். அது நான் வாடகைக்கு விட்டிருக்கிற வீடு.”