பேக்கரிக்காரனைக் கிளப்பும் வழி

வீட்டு ஓனர் செருப்பைக் கழற்றுவதற்குள் புரூப் ரீடர் ஆரம்பித்துவிட்டார்.

"முதல்ல அந்தச் சுவரப் பாருங்க சார்."

சுவர் முழுக்கப் பேக்கரிக்காரன் அடித்த ஆணி, ஆணிக்கொரு சட்டை. ஆணி அடிக்கக் கூடாது, பிராணி வளர்க்கக் கூடாது என்பதெல்லாம் குடிவந்த அன்றே ஓனர் வாயால் சொன்னவை. அவன் வளர்க்கும் பூனையோ, ஓனரின் காலை முகர்ந்து பார்த்துவிட்டு, சோபாவில் ஏறிச் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே தலை நரைத்தவர் புரூப் ரீடர். கூடத் தங்கியிருக்கும் பேக்கரிக்காரனிடம் பிழை பிடிப்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

விடிவதற்கு முன்பே பாத்திரங்களை உருட்டுகிறான். பால்கனியில் அடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறான். மேல்மாடிக்காரர்கள் புகையில் இருமுகிறார்கள். சொல்லிச் சொல்லி இவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வாடகை ஒப்பந்தத்திலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டால் தன் பெயர் மட்டும் இருக்கும் என்பது அவர் கணக்கு. இந்த வயதில் இன்னொரு வீடு தேடி அலைய அவரால் ஆகாது.

பேக்கரிக்காரன் மாவுக் கையோடு சமையலறை வாசலில் நின்றான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது இவருக்கு இன்னும் தெம்பைக் கொடுத்தது.

ஓனர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒப்பந்தம் அவர் பேர்லதானே இருக்கு? நீங்க சாட்சிக் கையெழுத்துதானே போட்டீங்க?"

ஊரார் எழுத்தில் ஒரு கால்புள்ளியைக்கூட விடாத புரூப் ரீடர், ஒப்பந்தம் போட்ட அன்று வேலைக்கு நேரமாகிறது என்று, விரல் காட்டிய இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"வயசான தனி ஆள வச்சுக்கக் கூடாதுன்னு நான் கண்டிப்பா சொன்னேன். சொந்த அண்ணன், என்ன விட்டா அவருக்கு வேற போக்கிடம் இல்லன்னு உங்க தம்பிதான் கெஞ்சினாரு. இப்ப ஒத்துவரலன்னா சொல்லுங்க, முடிச்சுக்கலாம்."

சொந்த அண்ணன். புரூப் ரீடர் உடன்பிறப்பே இல்லாதவர்.

அவர் பேக்கரிக்காரனைப் பார்த்தார். அவன் இவரைப் பார்க்காமல், விரலில் ஒட்டிய மாவை உருட்டி எடுப்பதிலேயே குறியாக இருந்தான்.

ஓனர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"என் தம்பிய நான் திட்டாம வேற யாரு சார் திட்டுறது?" என்றார் புரூப் ரீடர்.