பேதுருவின் துப்பட்டி

ஆராதனை முடிந்து வந்த போதகர் பன்றிக்கறியை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"பழைய ஏற்பாட்டுல இதைத் தின்னக் கூடாதுன்னு இருக்கேப்பா?" என்று கேட்டாள் மகள்.

"அது அப்போம்மா. அப்புறம் இயேசுவோட சீடர் பேதுருவுக்கு, வானத்துலேர்ந்து இறங்கின ஒரு துப்பட்டி விரிப்பு நிறைய மிருகங்களைக் காட்டி, நான் சுத்தமாக்கினதைத் தீட்டுன்னு சொல்லாதேன்னு கடவுளே சொல்லிட்டாரே!"

"அதுக்கப்புறம் என்னப்பா ஆச்சு?"

"அந்த நேரம் பார்த்து, பேதுரு ஒட்டாம ஒதுக்கி வெச்ச ஜனங்க அனுப்பின ஆளுங்க வாசல்ல வந்து நின்னாங்க. பேதுரு அவங்களை உள்ள கூப்பிட்டு…"

போதகர் அவசரமாக அடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நேத்து என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்களை, நம்ம ஆளுங்க இல்லன்னு வாசலோட அனுப்பிட்டீங்களேப்பா."

வாயிலிருந்ததை அவரால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மகள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முழுங்குங்கப்பா. கறிக்குத்தான் தீட்டு கிடையாதே."