இடது கன்னம்

தம்பியின் எலும்பு மஜ்ஜை அண்ணன் உடம்பில் ஏறிச் சில வாரங்களில் அவருடைய இடது காதும் கன்னமும் செக்கச்செவேலென்று தடித்துவிட்டன. தானமாக வந்த அணுக்களே உடம்பைத் தாக்குகின்றனவோ என்று பயந்து தோல் டாக்டரை வரவழைத்தார்கள்.

"சந்தேகமே வேண்டாம் டாக்டர்," என்றாள் மனைவி. "வெளியிலயே ரெண்டு பேரும் கீரியும் பாம்பும். வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை கிடையாது. உள்ள போனா மட்டும் கொழுந்தன் சும்மா இருப்பாரா?"

டாக்டர் உள்ளங்கை, பாதம், வலது காது எல்லாம் பார்த்தார். எங்கும் ஒரு புள்ளி இல்லை. "தம்பி சண்டை போட்டா ஒரு கன்னத்தோட விடமாட்டாரே," என்று யோசிக்கும்போதே நோயாளியின் போன் அடித்தது. அவர் அதைக் கிருமிநாசினியால் துடைத்து, ஈரம் காயாமலே இடது காதில் வைத்தார்.

"கண்டுபிடிச்சாச்சு. அந்த ஈரம்தான் தோலை அரிக்குது. இனிமே ஸ்பீக்கர்ல பேசுங்க."

"அப்புறமா பேசிக்கறேனே," என்று அவர் நெளிவதற்குள் டாக்டரே ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"அண்ணே, நாம தினமும் பேசறது அண்ணிக்கு இன்னும் தெரியாதுல்ல?"

மனைவியின் முகம் சிவந்தது.

"உங்க காதுக்குக் களிம்பு எழுதித் தரேன்," என்று டாக்டர் கதவுப் பக்கம் நழுவினார். "அந்தச் சிவப்பை நீங்களே பாத்துக்குங்க."