சேனை வைத்த கை

ஆயக்குடி பஸ் இன்னும் வரவில்லை.

அதில்தான் நாத்தனார்காரி வர வேண்டும். ஆறு பெற்றவள், ஆறும் தங்கிய மகராசி. பிறந்த பேத்தியின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைக்கத் தன் மகளை விட்டால் ஆளில்லை என்று மாமியார் சவேரியம்மாள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். சேனை வைப்பவரின் குணமும் கொடுப்பினையும் அப்படியே பிள்ளைக்கு இறங்கும் என்பது அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிள்ளை என்னவோ அதுவரை பொறுக்கிற மாதிரி இல்லை. விடிந்ததிலிருந்து வாயைச் சப்பிச் சப்பி அழுதுகொண்டிருந்தது.

பெற்றவள் ரோசலினுக்கோ வேறு ஆசை. தன்னைப் படிக்க வைத்து ஆளாக்கிய அன்னாள் டீச்சர் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் இவள் படுத்தபடியே கேட்டுவிட்டாள்.

“நீங்க வைங்க டீச்சர். எம்புள்ள உங்கள மாதிரி வரணும்.”

சவேரியம்மாள் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணி அது.

அன்னாளுக்கு இதெல்லாம் புரியாதா? நாற்பது வயதாகியும் கல்யாணம் காட்சி இல்லாதவள். வளைகாப்பு வீட்டில் எங்கே உட்கார வேண்டும், சடங்கு வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையெல்லாம் சாக்பீஸ் தூசி என்று ஏதோ சாக்குச் சொன்னாள். பிள்ளை பெற்றவர்கள் வைப்பதுதான் முறை என்றும் சொல்லி முடித்தாள்.

சவேரியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பேத்தியைத் துணியோடு அள்ளி டீச்சர் மடியில் வைத்துப் பெருமை பேச ஆரம்பித்தாள். காலைப் பார்க்க வேண்டுமாம், பணியாரம் மாதிரி எப்படி உப்பியிருக்கிறதாம். கையும் அப்படித்தானாம். மகன் ஆரோக்கியதாஸ் பிறந்தபோது அவனுக்கு இதில் பாதிச் சதைகூட இல்லையாம்.

அன்னாள் சிரித்துக்கொண்டே அந்தக் காலைப் பிடித்தாள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அது சதை இல்லை. நீர் கோத்த வீக்கம். நகங்கள் குருணை அரிசி அளவில் உள்ளே புதைந்து கிடந்தன.

தலையைத் தாங்குகிற சாக்கில் பிடரியைத் தடவிப் பார்த்தாள். தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகக் கைக்கு வந்தது. முடி கழுத்துவரை இறங்கியிருந்தது. வேண்டாம் மாதாவே, வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே மார்த்துணியை விலக்கினாள். காம்பு இரண்டும் வெகுவாகத் தள்ளித் தள்ளி இருந்தன.

ஒன்றும் பாக்கியில்லை. போன வருஷம் மதராஸில் ஒரு டாக்டரம்மா சொன்ன அடையாளங்கள் அத்தனையும் இந்தச் சின்ன உடம்பில் இருந்தன. ரத்தத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உண்டு, அதில் ஒன்று குறைந்து சில பெண்பிள்ளைகள் பிறக்கும் என்று அந்த அம்மா விளக்கினாள். வளர்த்தி இருக்காது. தானாக வயசுக்கு வராது. பிள்ளை பெறாது. இது யார் செய்த தப்பும் இல்லை என்பதை மட்டும் இன்னொரு தடவையும் சொன்னாள்.

ரோசலினின் முகம் அத்தனை அசதியிலும் பூரித்துக் கிடந்தது. வாய்வரை வந்ததை அன்னாள் விழுங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்ல நாளைக்கு வரலாம். இன்று ஒரு நாளாவது பிள்ளை பெற்றவள் சந்தோஷமாக இருக்கட்டும்.

யார் தப்பும் இல்லை என்று டாக்டர் சொல்லலாம். தெரு கேட்குமா?

அன்னாளின் அம்மாவை அது விட்டதா? வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே போனவள் என்றார்கள். கருவைக் கலைக்க மருந்து தின்றவள் என்றார்கள். மகளுக்கு இருபது வயதாகியும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உயரத்திலேயே நின்றபோது, வயசுக்கும் வராதபோது, சொந்த மாமியாரே பாவி என்று ஏசினாள். அம்மா அதையெல்லாம் நம்பினாள். நம்பியே செத்தும் போனாள்.

மதராஸ் டாக்டரம்மா கை வைத்துக் காட்டியது அன்னாளின் கழுத்தில்தான். பிறந்தபோது உனக்குக் காலும் கையும் வீங்கியிருந்ததாமா என்று கேட்டது அன்னாளிடம்தான்.

தெருமுனையில் நாத்தனாரின் குரல் கேட்டது. பஸ் வந்துவிட்டது. சவேரியம்மாள் துள்ளி எழுந்து சீனித்தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

இன்னும் பன்னிரண்டு, பதினான்கு வருஷத்தில் இந்த வீட்டு வாசலில் நின்று யாரையாவது ஏசியே தீருவார்கள். நல்ல கொடுப்பினைக்காரி சேனை வைத்தும் பிள்ளை இப்படி ஆனதென்றால், ஏச்சு நேராகப் பெற்ற வயிற்றுக்குத்தான் போகும்.

அன்னாள் கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். என்ன ஏது என்று சவேரியம்மாள் கேட்பதற்குள் விரலை முக்கிப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அழுகை நின்றது. பிள்ளை அந்த விரலை விடாமல் சப்பியது.

நாத்தனார் கொய்யாப்பழக் கூடையோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். பின்னாலேயே அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து நின்றார்கள். சவேரியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மருமகளை முறைத்தாள்.

அன்னாள் பிள்ளையோடு எழுந்து அத்தனை பேர் முகத்தையும் பார்த்தாள்.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. ரோசலின் சொல்லி நான் வைக்கல. நானாத்தான் வச்சேன்.”