முதல் கலயம்

எங்கள் ஊரே ஒரு தளபதியின் வம்சம் என்று சொல்லி, தலைவர் தவசிக்கண்ணு நுழைவு வளைவு கட்டிவிட்டார். எந்தத் தளபதி என்பதுதான் பாக்கி. அந்தப் பெயருக்காக, அம்மன் கோயில் வாசலில் குப்புறக் கிடந்த கல்லைப் புரட்டச் செய்தார். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஆசிரியை ஒருவர் வந்து, எழுத்தில் சுண்ணாம்பு தடவி, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்:

"பஞ்சத்தில் வந்து விழுந்த எங்களுக்குக் கூழ் ஊற்றி உயிர் தந்த கீழக்குடியாருக்கு, அம்மன் கொடையில் முதல் கலயம் என்றென்றும்."

"சரி, தளபதி?"

"கூழோட கல்லு முடிஞ்சிட்டுய்யா."

பக்கத்துக் கீழக்குடிக்குக் கொடைத் திருவிழாவில் முதல் கலயம் கூழ் இன்றும் போகிறது. நம் முன்னோர் ஏழைகளுக்குப் போட்ட தர்மம் என்று மைக்கில் சொல்லிவிட்டு, தவசிக்கண்ணு நிமிர்ந்து நின்று ஒற்றைக் கையால் நீட்டுவார். வாங்க வரும் சீனித்தாய்தான் குனிவாள்.

இந்தக் கொடையில் மைக் பேசவில்லை. அவர் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கலயத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்தார்.

சீனித்தாய் பதறிப்போனாள். "என்ன அண்ணாச்சி, இடுப்பு பிடிச்சிக்கிட்டா?"

"ரொம்ப வருசமா பிடிச்சிருந்துச்சு தாயி, இப்பதான் விட்டிருக்கு. நீ வாங்கு, கை சுடுது."