மாப்பிள்ளைக்குக் காவல்

"அந்தத் தொப்பிக்காரன் மறுபடியும் வந்துட்டான் மாஸ்டர்!"

கல்லாவை விட்டுவிட்டுச் சமையலறைக்கே ஓடிவந்தார் முதலாளியம்மா.

ஆள் ஸ்பெயின்காரன். கொஞ்ச நாளாக அதே மேஜை, அதே வறுத்த மீன். சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடித் தொட்டியையும், அதற்குப் பின்னால் இருக்கும் சமையலறை ஜன்னலையும் பார்த்து, "பெஸ்கதோ! பெஸ்கதோ!" என்று உருகுவான்.

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு தங்க மீன். தின்பதும் உலாத்துவதும் தவிர வேறு வேலை இல்லாததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். அது வந்த ராசியில்தான் ஹோட்டலில் கூட்டம் அலைமோதுகிறது என்று முதலாளியம்மா அடித்துச் சொல்வார். அடுப்படிக்கு ஒரு ஃபேன் வேண்டும் என்று மாஸ்டர் கேட்டபோதுகூட, மாப்பிள்ளைக்குப் புது மோட்டார்தான் வந்தது.

மாஸ்டர் முன்பு கப்பலில் சமைத்தவர். ஸ்பானிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"பெஸ்கதோன்னா என்ன மாஸ்டர்?"

"மீன்தாம்மா. உயிரோட தண்ணியில நீந்தினா பெஸ். பிடிச்சு, சாப்பாட்டுக்குன்னு ஆயிட்டா பெஸ்கதோ."

"ஐயையோ! நம்ம மாப்பிள்ளை உயிரோடதானே இருக்கு?"

"அவர் மனசுல பிடிச்சாச்சு போலிருக்கு." மாஸ்டர் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அடப்பாவி! எப்ப தூக்கப் போறான்னு நைசா அவன் வாயைப் பிடுங்குங்க!"

மாஸ்டர் போனார். வெகுநேரம் பேசினார். கடைசியில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"திருட்டுப் பயலோட என்ன கை குலுக்கல்?"

"சந்தேகம் வரக்கூடாதில்லம்மா? பேச்சுவாக்குல உளறிட்டார். நாளைக்கு மத்தியானமாம்."

மறுநாள் மத்தியானம் ஹோட்டலே போர்க்களம். சர்வர்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். பாத்திரம் தேய்க்கிற அம்மா சந்து ஜன்னலில். முதலாளியம்மா தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பின்வாசலை நீங்க பார்த்துக்குங்க மாஸ்டர். உங்களைத்தான் நம்பியிருக்கேன்!"

பின்பக்கம் ஒரு கார் வந்து நின்றது. உடனே கிளம்பியும் போய்விட்டது.

"பயந்து ஓடிட்டான்!" முதலாளியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மாஸ்டர்! எல்லாருக்கும் மீன் வறுங்க, என் செலவு!"

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். ஆணியில் மாஸ்டரின் ஏப்ரன் மட்டும் தொங்கியது.

"அவர் அந்தத் தொப்பிக்காரர் கார்ல ஏறிப் போயிட்டாரே, பெட்டி படுக்கையோட," என்றாள் பாத்திரம் தேய்க்கிற அம்மா. "அவரோட ஹோட்டல்ல அடுப்படிக்கே ஏசியாம்! உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. ஜன்னலை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தொட்டியில் பெஸ் சுகமாக நீந்திக்கொண்டிருந்தது; பெஸ்கதோ வறுக்கத்தான் ஆள் இல்லை.